விழுந்தவனை எழுப்புகிற வேஷம்

கிளெம் ஹாட்ரெல் செத்தவர்களை எழுப்புகிறவர். அதெல்லாம் வருஷத்தில் ஒரு நாள்தான். மற்ற நாட்களில் அவர் பிளம்பர். ஜனவரிப் பனியில் குழாய் வெடித்தால் ஆம்பர்லோ ஊரே அவர் வாசலில் வந்து நிற்கும். வெயில் வந்துவிட்டால் தெருவில் பார்த்தாலும் தலையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போய்விடும். அதில் அவருக்கு வருத்தமெல்லாம் கிடையாது. வீட்டில் குழாய் என்று ஒன்று இருப்பதே மறந்துபோனால் அதுதான் நல்ல குழாய் என்பார்.

கிறிஸ்துமசுக்கு மறுநாள் பகலில், வெள்ளை வாத்து என்கிற பப்புக்கு, அதாவது எங்கள் ஊர் மதுக்கடைக்கு, முன்னால் இருக்கிற சதுக்கத்தில் எங்கள் ஊர்க் கடுதாசிக் கூத்து நடக்கும். பழைய செய்தித்தாளையும், சுவரில் ஒட்டுகிற பூப்போட்ட தாளையும் நீள நீளமாகக் கிழித்து, கோட்டு முழுக்க வைத்துத் தைத்திருப்பார்கள். தொப்பியிலிருந்தும் அதே தாள் தொங்கி முகத்தை மூடியிருக்கும். ஆடுகிறவர்கள் எல்லோரும் உள்ளூர் ஆண்கள். கதை என்ன பெரிய கதை! புனித ஜார்ஜ் வந்து, இங்கிலாந்தின் வீரன் நான்தான் என்று மார்தட்டுவார். துருக்கி வீரன் வந்து, வாடா பார்க்கலாம் என்பான். மரக்கத்தியால் டொக் டொக்கென்று நாலு தட்டு. துருக்கியன் மண்ணில் விழுவான். அப்புறம் மருத்துவர் வருவார். உயரமான கறுப்புத் தொப்பியும் கையில் பையுமாக வந்து, தான் படித்த படிப்பையும் குணமாக்கிய வியாதிகளையும் அளந்துவிட்டு, விழுந்தவன் பக்கத்தில் மண்டி போட்டுக் குறடால் பல் பிடுங்குவார். குறடு கிளெம் குழாய்க்குப் பிடிக்கிற அதே குறடு. பல் குதிரைப் பல். அதைக் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டிவிட்டு, கடைசியாக இரண்டு வரி சொல்லுவார்:

"விழுந்த வீரா, வலி போச்சு,
எழுந்து நில்லு, பொழுதாச்சு!"

விழுந்தவன் எழுந்துவிடுவான். எல்லோரும் பாட்டுப் பாடிவிட்டு பப்புக்குள் போய்விடுவார்கள். இதைப் பார்க்க எதற்கு இத்தனை ஜனம் குளிரில் வந்து நிற்கிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. நின்று பார்த்தால்தான் தெரியும்.

இதில் மீறக் கூடாத விஷயம் இரண்டு உண்டு. கடுதாசி வேஷம் போட்டவனைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பது ஒன்று. பெண்டாட்டியே ஆனாலும் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் அந்த வருஷம் அந்த வீட்டுக்கு ஆகாது. புனித ஜார்ஜ் வேஷம் கட்டுகிறவர் பப் நடத்துகிற ஹோரஸ் பெக்ளர். அந்தத் தொப்பை வந்தால் அரை மைல் தூரத்திலேயே அடையாளம் தெரியும். இருந்தாலும் அன்றைக்கு ஊரே ஒருவரையொருவர் பார்த்து, "யாருப்பா இந்தப் புது ஆளு?" என்று கேட்டுக்கொள்ளும். இன்னொன்று, விழுந்தவன் தானாக எழக் கூடாது. ஒரு வருஷம் கூத்து நடக்கிற நேரம் பார்த்துப் பள்ளிக்கூடத்துக் குழாய் வெடித்துவிட்டது. கிளெம் வேலையை முடித்துவிட்டு ஓடி வருகிற வரைக்கும் துருக்கியன் சேற்றிலேயே கிடந்தான். மார்ச் மாதம் வரைக்கும் அவனுக்கு இருமல் போகவில்லை. ஆனாலும் எழவில்லையே! அதை இன்றைக்கும் பப்பில் பெருமையாகச் சொல்லுவார்கள்.

மருத்துவர் வேஷம் கிளெமுக்கு அப்பா ஜேபஸிடமிருந்து வந்தது. அவரும் பிளம்பர்தான். குதிரைப் பல்லும் அவர் கொடுத்ததுதான். கிளெம் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் வருஷம் பூராவும் அலைவார். பேச்சு கம்மி. கல்யாணமும் தாமதம். தபால் நிலையத்தில் வேலை பார்த்த ஐவிக்கும் அவருக்கும் இரண்டு குழந்தைகள் வயிற்றிலேயே கலைந்துபோய், இனி இல்லை என்று ஆன பிறகு டெரிக் பிறந்தான். அந்தப் பையனுக்குப் பேச்சு, அப்பாவுக்கு மிச்சமானதெல்லாம் சேர்த்து வந்திருந்தது. குறடைக் கையில் கொடுத்து வேலை கற்றுக்கொள்ளடா என்றால், "அப்பா, நீ தண்ணியை நிறுத்தறதுக்கே பாடுபடறே. நான் தண்ணி நிறைய இருக்கிற இடமாப் பார்த்துப் போறேன்" என்றான். கடற்படையில் சமையல்காரனாகச் சேர்ந்தும் விட்டான். ஐவிதான் அழுதாள். "வீட்டுல ஒரு முட்டை அவிக்கத் தெரியாதவன் கப்பலுக்கே சோறு போடப் போறானாம்!" என்று சிரித்துக்கொண்டே அழுதாள்.

துருக்கி வீரன் வேஷத்தை டெரிக் பதினாறு வயதில் வாங்கிக்கொண்டான். கடற்படைக்குப் போன பிறகும் கிறிஸ்துமசுக்கு லீவு போட்டு வந்துவிடுவான். அவன் விழுகிற அழகே அழகு. தள்ளாடி, பெண்கள் நிற்கிற பக்கமாகப் போய், யாராவது ஒரு கிழவியின் காலடியில் கையைக் காலை உதைத்துச் சாவான். அப்பா வந்து பல் பிடுங்கி இரண்டு வரியைச் சொன்னால் எழ மாட்டான். கூட்டம் காத்திருக்கும். தாளுக்குள்ளிருந்து மெல்ல, "இன்னும் ஒரு தடவை சொல்லுப்பா" என்பான். கிளெம் மறுபடி சொல்லுவார். அதற்கும் எழ மாட்டான். கடைசியில் கிளெம் பல்லைக் கடித்துக்கொண்டு, "எழுந்திருடா கழுதை, முட்டி வலிக்குது" என்பார். முன்வரிசைக்கு அது கேட்டுவிடும். அவ்வளவுதான், சதுக்கமே சிரிக்கும். அடுத்த வருஷத்திலிருந்து ஊர் அதற்காகவே காத்திருக்க ஆரம்பித்தது. வேஷத்தில் எழுதப்படாத வரி அது. ஆனால் அதுதான் எல்லோருக்கும் மனப்பாடம்.

எண்பத்திரண்டாம் வருஷம் வசந்த காலத்தில் சண்டை வந்தது. உலகத்தின் அடிக்கோடியில் இருக்கிற ஃபாக்லாந்து தீவுகளை அர்ஜென்டினாக்காரன் பிடித்துக்கொண்டான். அந்தத் தீவுகள் ஸ்காட்லாந்துக்குப் பக்கத்தில் எங்கேயோ இருக்கின்றன என்றுதான் எங்கள் ஊரில் பாதிப் பேர் அதுவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கப்பல்கள் புறப்பட்டன. டெரிக் இருந்த கப்பலும் போனது. மே மாதத்தில் ஒரு நாள், தோட்டத்தில் அவரைக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்த கிளெம் நிமிர்ந்து பார்த்தபோது, பாதிரியாரும் சீருடை போட்ட ஒருவரும் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்கள். பாதிரியார் தொப்பியைக் கையில் வைத்திருந்தார். கிளெமுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஐவி அவர்களை உட்காரச் சொல்லிவிட்டுக் கெட்டிலை அடுப்பில் வைத்தாள். அவர்கள் சொல்லி முடித்த பிறகும் அவள் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். சீருடைக்காரருக்கு எத்தனை கரண்டி சர்க்கரை என்று கேட்டாள்.

கப்பலில் சமையலறைப் பக்கம் குண்டு விழுந்ததாம். உடம்பு வீட்டுக்கு வராதாம். கடலிலேயே விட்டுவிட்டார்களாம். கிளெம் வாழ்நாள் பூராவும் தண்ணீரோடு மல்லுக்கட்டினவர். அந்தத் தண்ணீருக்குள் போய்ப் பையனை எடுத்து வர அவரிடம் ஒரு கருவியும் இல்லை.

ஜூனில் ஜெயித்தாகிவிட்டது. வீட்டுக்கு வீடு கொடி. கடைக்குப் போனால் கசாப்புக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கி, "பெருமைப்படணும் கிளெம், நாடே பெருமைப்படுது" என்றார். கிளெம் இறைச்சியை வாங்கிக்கொண்டு, "ஆமாம்" என்றார். வேறென்ன சொல்வது? அந்த மனுஷன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். வீட்டுக்கு வந்து ஐவியிடம், "நாடு பெருமைப்படுதாம்" என்றார். ஐவி, "பெருமையை எங்கே படுக்க வைக்கிறது? அவன் கட்டிலிலா?" என்று கேட்டாள்.

துருக்கி வீரன் கோட்டு சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. ஐவிதான் ஒவ்வொரு நவம்பரிலும் நனைந்து நைந்த தாளையெல்லாம் பிய்த்துவிட்டுப் புதிதாகத் தைப்பாள். அந்த வருஷம் இரண்டு பேரும் கதவைத் திறந்தால் திறந்தபடி, மூடினால் மூடினபடி விட்டார்கள். கோட்டைத் தொடவே இல்லை.

ஹோரஸ் பெக்ளர் நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். டெரிக்குக்கு அவர் ஞானத்தந்தை. மாதா கோவிலில் குழந்தையைக் கையில் ஏந்தி நின்றவர். வந்ததும் ஐவி கன்னத்தில் முத்தம் கொடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார்.

"ஒத்திகை ஆரம்பிக்கணும்டா கிளெம்."

"ஆரம்பி."

"இந்த வருஷம் கொஞ்சம் மாத்தலாம்னு பார்க்கறோம். நம்ம டெரிக்குக்காக. துருக்கிக்காரன் நமக்கு என்னடா பண்ணினான்? பாவம், அவன் பாட்டுக்கு இருக்கான். இந்த வருஷம் அர்ஜென்டினாக்காரன் வரட்டும். நீலமும் வெள்ளையுமா ஒரு பட்டை போட்டு விட்டாப் போதும். ஜார்ஜ் அவனை வெட்டிச் சாய்க்கறார். பேப்பர்காரன்கூட வரானாம், படம் எடுக்க."

ஹோரஸே தொடர்ந்தார். "இது ஒண்ணும் புதுசு இல்ல. எங்க தாத்தா காலத்துல கைசர் வந்தான். எங்கப்பா காலத்துல ஹிட்லர் வந்தான்."

"வந்தான். எங்கப்பாதான் எழுப்பினார்."

"அது..."

"ரெண்டு பல்லு பிடுங்கினார். ஆனா எழுப்பினார்."

ஹோரஸ் சிரிக்க முயன்றார், வரவில்லை. மேஜை மேல் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "அதான் கிளெம் நான் சொல்ல வந்தது. இந்தத் தடவை எழுப்ப வேண்டாம். நீ வா, மருத்துவர் இல்லாம கூத்து கிடையாது. ஜார்ஜுக்கு விரல்ல அடின்னு வச்சுக்குவோம், அதுக்குக் கட்டுப் போடு, நாலு பொய் அளந்து விடு. ஆனா அவனை மட்டும் அப்படியே விட்டுடு. நம்ம பையனைக் கொன்னவனை உன் கையாலயே எழுப்பி விடுவியாடா? அந்தப் பாவத்தை உன் தலையில சுமத்த என்னால முடியாது."

அவர் கண் கலங்கியிருந்தது. ஹோரஸைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஹோரஸுக்கும் குழந்தை குட்டி கிடையாது. தன் துக்கத்துக்கு ஒரு மரக்கத்திதான் அகப்பட்டது அவருக்கு.

கிளெம் யோசித்தார். யோசித்தார் என்றால், சட்டைப் பைக்குள் விரலை விட்டுப் பல்லைத் தடவினார். பிறகு, "சரி" என்றார்.

ஹோரஸ் போகும்போது கதவுக்குப் பின்னால் இருந்த கோட்டைப் பார்த்தார். "கோட்டு... என் தங்கச்சி பையன் ஸ்டூவர்ட்தான் கட்டப் போறான். வேற தைச்சுக்கறோம் ஐவி, நீ ஒண்ணும்..."

"வேற வேண்டாம், இதையே போட்டுக்கட்டும்" என்றாள் ஐவி. "தைச்சுத் தரேன். கிழிஞ்ச கோட்டோட எவனையும் ஊர் முன்னாடி நிக்க வைக்க மாட்டேன்."

அவர் போன பிறகு அவள் கிளெமைப் பார்த்தாள். "சரின்னுட்டே."

"அந்த ரெண்டு வரியை என்னால சொல்ல முடியாது ஐவி" என்றார் கிளெம். "ஹோரஸ் என்ன காரணம் வேணா சொல்லட்டும். அர்ஜென்டினாவும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. சொன்னா எவனோ ஒருத்தன் எழுந்துக்கறான் பார்... அதை என்னால சொல்ல முடியாது."

ஐவி கோட்டை ஆணியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பழைய தாளைப் பிய்க்க ஆரம்பித்தாள். "அப்போ அவன் விழுந்து கிடப்பான். ஊரே பார்த்துட்டுப் பாட்டுப் பாடிட்டு உள்ளே போயிடும். அப்படித்தானே?" என்றாள். கிளெம் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார்.

புதிய தாளுக்கு அவள் மாடியறையில் தேடினாள். டெரிக் சின்னப் பையனாக இருந்தபோது அவன் அறைச் சுவருக்கு ஒட்டியதில் மிச்சமான சுருள் ஒன்று அகப்பட்டது. பாய்மரப் படகு போட்ட தாள். அதைத்தான் கிழித்தாள். தைத்து முடிக்க ஒரு வாரம் ஆனது.

அந்தக் கிறிஸ்துமஸ் மறுநாளைப் போலச் சதுக்கம் அதற்கு முன் நிறைந்ததே இல்லை. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். பப்பின் மாடி ஜன்னலிலிருந்து கொடி தொங்கியது. பேப்பர்காரன் கிளெமைப் பிடித்துக்கொண்டு, ஐயா, இந்தப் பழைய கூத்துதான் உண்மையான இங்கிலாந்து என்று சொல்லலாமா என்று கேட்டான். கிளெம், "எனக்குத் தெரிஞ்சு சளி பிடிக்கும், அவ்வளவுதான்" என்றார். பக்கத்தில் நின்ற பாதிரியார் சும்மா இருக்கவில்லை. "உண்மையைச் சொன்னா, நம்ம ஜார்ஜே துருக்கிப் பக்கத்து ஆளுன்னுதான் சொல்றாங்க தம்பி. இங்கிலாந்து மண்ணை மிதிச்சதே கிடையாதாம்" என்றார். பேப்பர்காரன் அதை எழுதிக்கொள்ளவில்லை.

வேஷம் கட்டுகிற கொட்டகையில் ஸ்டூவர்ட் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். டயர் கடையில் வேலை பார்க்கிற பையன். டெரிக்கோடு ஒன்றாகப் படித்தவன். "கிளெம் மாமா, நான் போட்டுக்கலாமா? வேண்டாம்னா சொல்லிடுங்க. ஹோரஸ் மாமாகிட்ட நான் பேசிக்கறேன்."

"போட்டுக்க. ஐவி தைச்சது. குளிராது" என்றார் கிளெம். தன் தொப்பியை மாட்டித் தாளை முகத்தில் இறக்கி விட்டுக்கொண்டார்.

கூத்து ஆரம்பித்தது. ஹோரஸ் மார்தட்டினார், கூட்டம் வழக்கத்தைவிடப் பலமாகக் கைதட்டியது. நீலமும் வெள்ளையுமாகப் பட்டை போட்டவன் வந்தான். கூட்டம் ஊளையிட்டது. அப்படியொரு சத்தம் இந்தக் கூத்தில் யாரும் கேட்டதில்லை. எத்தனையோ காலமாகத் துருக்கிக்காரனைக் கேலி செய்திருக்கிறார்கள், எதிர்ப்பாட்டுப் பாடியிருக்கிறார்கள். இது வேறு சத்தம். நாலு தட்டு தட்டினார்கள். ஸ்டூவர்ட் விழுந்தான். டெரிக் மாதிரியெல்லாம் இல்லை. பயந்த மாதிரி, நின்ற இடத்திலேயே மடங்கி, ஈரக் கல்லில் விழுந்தான்.

கிளெம் உள்ளே வந்தார். ஜார்ஜின் விரலைப் பிடித்துப் பார்த்தார். பொய்கள் வாய்க்கு வந்தன, பழக்கத்தில் வந்தன: பாரிசில் படித்தேன், ரோமில் படித்தேன், என் பாட்டி செத்து ஏழு வருஷம் கழித்து அவள் மூட்டுவலியைக் குணமாக்கினேன். ஜனம் சிரித்தது. விரலுக்குக் கட்டுப் போட்டார். கீழே பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று கொட்டகையிலேயே தீர்மானம் செய்திருந்தார்.

அப்போது ஹோரஸ், யாரும் எதிர்பார்க்காத விதமாக, ஒத்திகையில் இல்லாத ஒன்றைச் செய்தார். கூட்டத்தின் சத்தம் தலைக்கேறிவிட்டதோ என்னவோ. கீழே கிடந்தவனின் இரண்டு குதிகாலையும் பிடித்து, "குப்பையைக் கூட்டித் தள்ளுங்கடா!" என்று கத்திக்கொண்டு இழுத்தார். இன்னொருவனும் கை கொடுத்தான். ஸ்டூவர்ட்டின் முதுகு கல்லில் தேய்ந்தது. தாள்கள் சர் சர்ரென்று பிய்ந்தன. பாய்மரப் படகுகள் சேற்றில் சிதறின. கூட்டம் ஆரவாரம் செய்தது. அந்த ஆரவாரத்துக்கு நடுவே ஒரு பெண்ணின் குரல் வந்தது. வார்த்தையே இல்லாத ஒரு சத்தம். கிளெமுக்கு அது யார் என்று திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"விடுடா அவனை!" என்றார்.

ஹோரஸ் விடவில்லை. கிளெம் பையைக் கீழே போட்டுவிட்டுப் போய் அவர் மணிக்கட்டைக் குறடு பிடிக்கிற கையால் பிடித்தார். ஹோரஸ் விட்டுவிட்டார்.

"என்னடா பண்றே? பேசினது என்ன?"

"நகரு. எனக்கு வேலை இருக்கு."

கூட்டத்திலிருந்து எவனோ, "அர்ஜென்டினாக்காரனையா எழுப்பறே? வெட்கமா இல்ல?" என்று கத்தினான். கிளெம் மண்டி போட்டுக்கொண்டே, நிமிராமல் பதில் சொன்னார்: "யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? கடுதாசிக்குள்ள யாருன்னு பார்க்கக் கூடாதுன்னுதானே எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க, ஊரே சேர்ந்து?"

கிளெம் குறடை எடுத்தார். சட்டைப் பையிலிருந்து பல்லை எடுத்து, பிடுங்குகிற மாதிரி பிடுங்கி, தூக்கிக் காட்டினார். யாரும் சிரிக்கவில்லை. இரண்டு வரி மட்டும் பாக்கி. அவர் அதைச் சொன்னார். குரல் முன்வரிசையைத் தாண்டியிருக்காது.

"விழுந்த வீரா, வலி போச்சு,
எழுந்து நில்லு, பொழுதாச்சு."

கீழே கிடந்தவன் எழவில்லை. எழாதே என்று மாமன் சொல்லியிருக்கிறார், எழு என்று மருத்துவர் சொல்கிறார். பாவம், அவன் என்ன செய்வான்? அசையாமல் கிடந்தான். தாளுக்குள் அவன் மூச்சு மட்டும் ஏறி இறங்கியது.

கிளெம் இன்னொரு தடவை சொன்னார். எழவில்லை. ஊருக்கு அந்த நிமிஷம் என்னவென்று தெரியும். இந்த இடத்தில்தான் சிரிப்பு வரும். குழந்தைகள்கூடச் சத்தம் போடவில்லை. அவர் கையை நீட்டி, கோட்டில் தொங்கிய ஒரு படகைத் தடவிச் சரி செய்தார்.

"எழுந்திரு டெரிக்" என்றார். "முட்டி வலிக்குதுடா. எழுந்திருப்பா."

பேர் சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் யாரும் செய்யாத தப்பு, அதையும் ஊர் நடுவில் நின்று செய்துவிட்டார். ஹோரஸ் பக்கத்தில் வந்து குனிந்தார். அவர் கோபமெல்லாம் எங்கே போனதோ. "பேர் சொல்லிட்டியேடா கிளெம்... வருஷம் வீட்டுக்கு ஆகாதேடா" என்றார், அழுகிற குரலில்.

"இனிமே ஆகறதுக்கு என் வீட்டுல என்னடா இருக்கு?" என்றார் கிளெம்.

அப்போது கீழே கிடந்தவன் எழுந்தான். மெல்ல, முழங்கையை ஊன்றி எழுந்து, கிளெமுக்கும் கை கொடுத்துத் தூக்கி விட்டான். இருவரும் தாளும் சேறுமாக எதிரெதிரே நின்றார்கள். ஒரு கைதட்டல்கூட இல்லை. பையன் என்ன செய்வது என்று தெரியாமல் தொப்பிக்குக் கையைக் கொண்டுபோனான்.

"கழட்டாதே."

ஐவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். கூத்து நடக்கிற வட்டத்துக்குள் பெண்கள் கால் வைப்பதில்லை. யாரும் தடுக்கவில்லை. "கழட்டாதேப்பா. கொஞ்ச நேரம். கொஞ்ச நேரம் அப்படியே இரு" என்றாள்.

அவன் கையை இறக்கினான். அவள் தன் கோட்டிலிருந்து ஒரு ஊக்கை எடுத்து, தோளில் பிய்ந்து தொங்கிய தாளை மடித்துக் குத்தினாள். நீலமும் வெள்ளையுமான பட்டையைக் கழற்றி ஹோரஸ் கையில் கொடுத்தாள். மார்பில் ஒட்டியிருந்த சேற்றைக் கைக்குட்டையால் துடைத்தாள், பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற பிள்ளையைத் துடைக்கிற மாதிரி. முகத்துத் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பின்னால் யார் வேண்டுமானாலும் இருக்கலாம். கிளெமும் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு பேரில் யாரும் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு ஐவி அவன் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள். திருப்பிப் பார்த்தாள். டெரிக்கின் கையில் கட்டை விரலுக்குக் கீழே அடுப்பில் சுட்ட தழும்பு ஒன்று உண்டு. இந்தக் கையில் டயர்க் கரிதான் இருந்தது. நகத்துக்குள்ளெல்லாம் இருந்தது.

"கை சில்லுன்னு இருக்கு" என்றாள். "உங்கம்மா தேடுவா. கழட்டுப்பா, ஸ்டூவர்ட்."

பையன் தொப்பியைக் கழற்றினான். ஸ்டூவர்ட்தான்.